ஒன்பது வருடம் காலடியில் கிடந்த பூனை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பல மாதங்களாக விடியற்காலையில் அடுக்குத் தும்மல், பகலெல்லாம் மூக்கில் நீர், இரவில் இளைப்பு. வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு பூனை இருந்திருக்கிறது. பூனை முடிதான் காரணம் என்று யாரோ சொல்ல, மகன் அதைச் சாக்கில் பிடித்துப் போட்டு, பாம்பனில் மீன் இறக்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார். பிடிக்கும்போது பூனை கீறியதில் அவருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டியதாயிற்று. பூனை போய் இரண்டு மாதமாகியும் அம்மாவின் இளைப்பு நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

"ஒன்பது வருசமா என் காலடியிலேயே கிடந்துச்சு டாக்டரம்மா. திடீர்னு எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்டு அழுதுவிட்டார்.

அந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போகும் என்பதுதான் பதில். அலர்ஜி சிறு வயதிலேயே வந்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாற்பது வயதிலும் வரும், அறுபதிலும் வரும்.

பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் 'ஃபெல் டி 1' என்றொரு புரதம் இருக்கிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் ஒட்டிக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் மிதக்கும். பிரச்சினை அந்தப் புரதம்தான், முடி அல்ல. அதனால் முடியை வெட்டிவிடுவதிலோ, முடி குறைந்த ஜாதியாகப் பார்த்து வாங்குவதிலோ பெரிய பலன் இல்லை. சிலருடைய உடல் அந்தப் புரதத்தை எதிரி என்று தவறாக எண்ணி, அதற்கென்றே 'ஐஜிஇ' என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. இந்தத் தயாரிப்பு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் நடக்கும். அந்தக் காலத்தில் ஒரு தும்மல்கூட வராது. பிறகு ஒருநாள் அளவு மீறும்போது, அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உடலுக்குள் கொட்டி, மூக்கும் கண்ணும் நெஞ்சும் ஒன்றாகக் கிளம்பும். நம் கண்ணுக்குத்தான் அது 'திடீர்'.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் இந்தக் கரையில் அடிக்கடி பார்க்கிறேன். கீழக்கரைக்காரர் ஒருவர் பல வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பிள்ளைப் பருவத்தில் பூனைகளோடு ஒரே பாயில் தூங்கியவர். இப்போது வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் கண் சிவந்து இளைப்பு வந்துவிடுகிறது. தினமும் பூனையோடு புழங்கும்போது சிலருடைய உடல் அந்தப் புரதத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். நெடுநாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப் போகலாம். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்து நான்கு நாள் தும்மிவிட்டுப் போவதும் பல நேரம் இதனால்தான். கீழக்கரைக்காரருக்குப் பரிசோதனையில் பூனை அலர்ஜி தெளிவாகவே தெரிந்தது.

தங்கச்சிமடத்து அம்மாவுக்கு? தோலில் செய்த அலர்ஜி பரிசோதனையில் பூனைப் புரதத்துக்குத் தோல் அசையவே இல்லை. தூசிப் பூச்சிக்குத்தான் பெரிய தடிப்பு எழும்பியது.

தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழும். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்ளும். கடற்காற்று வீசும் வீட்டில், ஐப்பசி கார்த்திகை மழையில் சன்னல்களைச் சாத்திவைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்த அம்மா படுத்தது பல வருடத்து இலவம்பஞ்சு மெத்தை. கொசுவர்த்திப் புகை வேறு சேர்ந்திருக்கிறது. பூனை அந்த மெத்தையில் ஏறிப் படுத்ததால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் இதே தும்மலைத் தரும். அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வது என் வழக்கம்.

பூனையை அப்புறப்படுத்திப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பூனை போன பிறகும் அந்தப் புரதம் மெத்தையிலும் திரைச்சீலையிலும் நான்கு மாதம், ஆறு மாதம்கூடத் தங்கும். அதனால் இரண்டு மாதத்தில் குறையவில்லை என்பதால் பூனை காரணமில்லை என்று சொல்லிவிட முடியாது. குறைந்துவிட்டது என்றால், அது பருவம் மாறியதாலும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஏமாற்றும். பசியோடும் தாகத்தோடும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

செய்ய வேண்டியது தோல் பரிசோதனை. முன்கையில் சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு முன்பே, மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தோல் பொய் சொல்லும். நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அப்புறம், பரிசோதனையில் ஒன்று தெரிந்தாலே அதுதான் நோய் என்றும் ஆகிவிடாது. தொந்தரவு எப்போது வருகிறது, எங்கே போனால் குறைகிறது என்பதோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

புறா வளர்ப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். மாடியில் கூண்டு வைத்து ஐம்பது அறுபது புறா வளர்க்கும் தம்பிகள் ராமநாதபுரத்தில் இருக்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்து நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்து, மறுநாள் தானாகச் சரியாகிவிடுகிறதா? அதை வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். புறாவின் எச்சமும் இறகுத் தூளும் நுரையீரலின் ஆழத்தில் அழற்சியை உண்டாக்கும். இது ஹிஸ்டமின் வகை அலர்ஜி அல்ல, அதனால் செட்டிரிசின் கேட்காது. வருடக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அந்தத் தழும்பு திரும்பச் சரியாகாது. பூனை விஷயத்தில் இடம் கொடுக்கும் நான் புறா விஷயத்தில் இடம் கொடுப்பதில்லை. நோய் உறுதியானால் புறாக்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆக வேண்டும்.

மருந்துக்கடையில் 'அலர்ஜிக்கு' என்று கேட்டால் சில நேரம் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து வந்துவிடுகிறது. இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் அப்படித்தான். ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும், பழி பூனைமேல் போகும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, இன்ஹேலர் இரண்டையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவு மிகக் குறைவு, தேவையான இடத்தில்தான் வேலை செய்யும். ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பூனை அலர்ஜி உறுதியானால், முதலில் படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். நாளில் மூன்றில் ஒரு பங்கை அங்கேதான் கழிக்கிறோம். பூனையைக் குளிப்பாட்டுவது சில நாளைக்குத்தான் பலன் தரும். கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்தால் அந்தப் புரதம் குறையும். கீழக்கரைக்காரரின் உம்மா பூனைகளைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார். மகன் தினமும் இன்ஹேலர் எடுக்கிறார், நிம்மதியாகத் தூங்குகிறார். இவ்வளவும் செய்து இளைப்பு அடங்காதவர்களுக்குத்தான் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

தங்கச்சிமடத்து அம்மா மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு பனையோலைப் பாய்க்கு மாறினார். பாயைத் தட்டி வெயிலில் போடுகிறார், போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீரில் அலசுகிறார். ஸ்பிரேயும் இன்ஹேலரும் சேர்ந்து, மூன்றாம் மாதம் இளைப்பு அடங்கிவிட்டது. மகன் பாம்பனுக்குப் போய் மூன்று சாயங்காலம் தேடியிருக்கிறார். பூனை கிடைக்கவில்லை. கடைசியாக வந்தபோது, பக்கத்து வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, ஒன்றை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக வளர்க்கலாம், பாயில் மட்டும் படுக்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.