பசித்திருக்க வேண்டிய ஏரி

மஸ்கோகா, ஹாலிபேர்ட்டன் பக்கத்துச் சிறிய ஏரிகளில் முதன்முறை கால் நனைப்பவர்கள் தண்ணீரின் தெளிவைப் பார்த்து வியக்காமல் இருப்பதில்லை. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் இந்தக் கோடைக்குடில் பகுதியில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பரிசோதிப்பது என் தொழில். அந்தத் தெளிவுக்குக் காரணம் ஏரியின் வறுமைதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

இங்கே அடியில் கிடப்பது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கிரானைட், நைஸ் பாறை. பனியுகத்தின் பனிப்பாறைகள் அதைச் சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டுப் பின்வாங்கின; பள்ளங்களில் நீர் நின்றது. மேலே மண் மிக மெல்லியது. பாறையோ எளிதில் கரையாது. அதனால் மழைநீர் ஏரிக்குள் கொண்டுவரும் சத்து மிகக் குறைவு. பாசி வளரத் தேவையான பாஸ்பரஸ் இந்த ஏரிகள் பலவற்றில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைக்கூடத் தொடுவதில்லை. ஏரி பசித்திருக்கிறது, ஆகவே தெளிந்திருக்கிறது.

1973இல் வடமேற்கு ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். 226 என்ற எண்தான் அதன் பெயர். டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான ஆய்வாளர்கள் இரு பக்கமும் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சையாகிப் போனது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பச்சை நிறம் தெரிவது கடைசியில்தான். கேடு அடியிலிருந்து தொடங்குகிறது. கோடையில் வெயில் பட்ட நீர் இலேசாகி மேலே நிற்கும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே தங்கும். இரண்டும் கலப்பதில்லை. வசந்தத்தில் உள்ளே போன ஆக்சிஜனை வைத்துக்கொண்டுதான் அடிநீர் இலையுதிர்காலம் வரை சமாளிக்க வேண்டும். லேக் ட்ரௌட் மீன் கோடையைக் கழிப்பது அந்தக் குளிர்ந்த அடிநீரில்தான். அதற்கு அங்கே லிட்டருக்குச் சராசரியாக 7 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மாகாணத்தின் அளவுகோல். பாஸ்பரஸ் கூடினால் பாசி கூடும். செத்த பாசி அடியில் படிந்து மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். ஆக்சிஜன் தீர்ந்துபோனால், சேற்றிலுள்ள இரும்பு இதுவரை பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸையும் விட்டுவிடும். அதன்பிறகு வெளியிலிருந்து யாரும் எதையும் ஊற்றத் தேவையில்லை. ஏரி தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மூன்று படுக்கையறைக் குடிலுக்கு ஒன்ராறியோ கட்டட விதிகளின் அடிப்படைக் கணக்கு நாளொன்றுக்கு 1,600 லிட்டர் கழிவுநீர். நம்மவர்கள் குடில் எடுத்தால் பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, மச்சான் வீடு எல்லாம் சேர்ந்துதானே போவோம்? ரொறன்ரோவிலிருந்து இருபது பேர் வந்து இறங்கி, நீந்திவிட்டு ஆளாளுக்குக் குளித்தால் தொட்டி என்ன செய்யும்? கசடு படிய அவகாசமில்லாமல் நீர் அதைத் தள்ளிக்கொண்டு, தொட்டிநீர் குழாய்கள் வழியே மண்ணுக்குள் வடியும் வடிகால் படுகைக்குப் போய்விடும். படுகை அடைபட்டால் கழிவுநீர் புல்லின்மேல் ஊறி, சரிவில் இறங்கி ஏரியைச் சேரும். படுகைக்கும் ஏரிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது விதி. விதிக்கு முந்திய பழைய குடில்களில் அந்த இடைவெளியும் இருக்காது.

பாஸ்பேட் இல்லாத சோப்புத்தானே என்று நிம்மதி கொள்பவர்களும் உண்டு. இன்று வீட்டுக் கழிவில் பாஸ்பரஸ் பெரும்பாலும் நம் உடலிலிருந்தும் உணவிலிருந்தும்தான் வருகிறது. கறிச்சட்டியின் எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் கழுவி ஊற்றாதீர்கள். தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். எந்தச் சோப்பானாலும் ஏரிக்குள் நின்று தேய்க்க வேண்டாம்.

கரையோரப் புதர்களையும் நீரில் சாய்ந்து கிடக்கும் மரங்களையும் "துப்புரவு" செய்யும் ஆசை உரிமையாளர்களுக்குத்தான் அதிகம். மீன்குஞ்சுகள் ஒளிவதே அங்கேதான். புல்வெளிக்கு உரம் போடுபவர்களைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

படகு கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு சொல். ஹன்ட்ஸ்வில் அருகிலுள்ள ஹார்ப் ஏரி 71 ஹெக்டேர்தான். 1993இல் யூரேசியாவைச் சேர்ந்த முள்வால் நீர்த்தெள்ளு என்ற, மற்ற சிற்றுயிர்களைத் தின்னும் மிகச்சிறிய நீருயிர் அங்கே தென்பட்டது. அதன்பின் ஏரியின் சொந்த மிதவையுயிர்களில் பல அருகிப் போயின. தூண்டில் நூலிலும் படகில் தேங்கிய நீரிலும் ஒட்டிப் பயணம் செய்யும் உயிர் இது. 2022 முதல், படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் நீரை வடித்து, செடிகொடிகளை அகற்றுவது ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம்.

குடிலைப் பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது இறைத்தார்கள்? மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் சரி. வடிகால் படுகை எங்கே இருக்கிறது? மரமே இல்லாத, சமமான, பசுமையான புல்தரைக்கு அடியில்தான் அது இருக்கும்; வந்தவர்கள் எல்லோரும் வேனை நிறுத்துவதும் அங்கேதான். பாரத்தில் மண் இறுகி, அடியிலுள்ள குழாய்கள் நசுங்கும். அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும். வண்டிகளைப் பாதையோரம் விடுங்கள்.