பாதீடு இருக்க அறிக்கை எதற்கு?

எங்கள் வார்டில் கூட்டம் நடப்பதற்கு முன்பு வீடு வீடாக ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. தெருவுக்கு என்ன வேண்டும், எந்தச் செலவைக் குறைக்கலாம், மிச்சப்படும் பணத்தை எதில் போடலாம் என்று குடியிருப்பவர்களே யோசித்துச் சொல்ல வேண்டுமாம். நல்ல காரியம். தலைப்புத்தான் கண்ணைக் குத்தியது: ‘பங்கேற்பு நிதிநிலை அறிக்கை’. இதே தொடரைப் பயிற்சிக் கையேடு ஒன்றிலும் கருத்தரங்க அழைப்பிதழ் ஒன்றிலும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். வாசலுக்கே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பொருள் எளியது. உள்ளாட்சி செலவிடப் போகும் பணத்தில் ஒரு பகுதியை எந்தெந்த வேலைக்குப் பிரிப்பது என்று அங்கே வாழ்கிறவர்களே கூடிப் பேசி முடிவு செய்வது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் தொடங்கிவைத்த முறை இது. ஆங்கிலம் இதைப் ‘பார்ட்டிசிபேட்டரி பட்ஜெட்டிங்’ என்றது. பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சில் சிறிய தோல்பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சொற்பிறப்பு இவ்வளவு போதும். தோல்பையால் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை ‘அறிக்கை’யில் இருக்கிறது. ‘நிதிநிலை அறிக்கை’ என்பது பட்ஜெட்டின் மொழிபெயர்ப்பே அல்ல. அரசியலமைப்பின் 112ஆவது உறுப்பு, அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டிய வரவு செலவு மதிப்பீட்டை ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. அந்த உறுப்பில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. அவையில் வைக்கும் ஆவணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். நிதியமைச்சர் படிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், அதனால் அறிக்கை. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்து ‘சாக்கடை மூடி முதலில், பூங்கா பெஞ்சு பிறகு’ என்று வாதாடுவது எப்படி அறிக்கை ஆகும்? அறிக்கை என்பது முடிந்துபோனதை அறிவிப்பது. இங்கே இன்னும் எதுவும் முடியவில்லை என்பதுதானே விஷயம்? ஒரு வினையை எடுத்துக் காகிதமாக்கிவிட்டார்கள். அகராதியில் பட்ஜெட்டுக்கு நேரே எழுதியிருப்பதை வெட்டி ஒட்டினால் இப்படித்தான் ஆகும். சொற்றொடருக்குள் என்ன நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

‘வரவு செலவுத் திட்டம்’ இதைவிட ஆயிரம் மடங்கு மேல். மளிகைக் கணக்கு எழுதும் வீட்டிலும் புரியும். ஒரு நாட்டின் முழு பட்ஜெட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இந்த இடத்தில் அதுவும் ஒட்டாது. கூட்டத்துக்கு வந்தவர் கையில் வரவு இல்லை. சொத்து வரியை ஏற்றுவதோ கடன் வாங்குவதோ அவர் வேலை அல்ல. புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் படிவம் வாங்கி, நடைபாதை, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் போன்ற சிறு வேலைகளை வார்டுக் கணக்கில் சேர்த்துவருகிறது. அங்கும் மக்கள் செய்வது, இருக்கும் பணத்தை எதெதற்கு என்று பிரிப்பதுதான்.

பிரிப்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. அதுவும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: பாதீடு. பகைவரின் மாடுகளைக் கவரும் போரைச் சொல்லும் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்று. பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுப்பது. புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூலில் வாளெடுத்துப் பொருதவனுக்கு மட்டுமல்ல, வேவு பார்த்துச் சொன்னவனுக்கும், நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு உண்டு. அவரவர் செய்த வேலையை அறிந்து கொடுக்க வேண்டும் என்பது இலக்கணம். கொள்ளைப் பொருளைப் பிரித்த சொல்லை மக்கள் வரிப்பணத்துக்கு வைப்பதா என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். வரி கட்டுகிறவனைக் கேட்டால் அவ்வளவு வேறுபாடு இருப்பதாகச் சொல்ல மாட்டான். (தொல்காப்பியத்தில் பாதீட்டுக்கு அடுத்து வருவது உண்டாட்டு, அதாவது குடித்துக் களிப்பது. ஒப்பந்தக்காரர்கள் இந்த வரிசையை இன்னும் மறக்கவில்லை.)

இன்னொருவர் ‘பாதி ஈடா? மீதிப் பாதியை யார் கொடுப்பார்கள்?’ என்றார். இது பாதி அல்ல, பாது. பாது என்றால் பங்கு. பாத்தல் என்றால் பகுத்தல். குறளில் ‘பாத்தூண்’ என்று வருவது பகுத்து உண்பது. தோட்டத்தில் நாம் பிரித்துக் கட்டும் பாத்தியும் இதன் உறவுதான். ஈடு எல்லோருக்கும் பழகியது: ஒதுக்கீடு, முதலீடு, மதிப்பீடு. ஒதுக்கீட்டில் தடுக்கி விழாதவர் பாதீட்டில் மட்டும் விழுவாரா? இலங்கையில் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் பாதீடு என்று எழுதுகின்றன. படிக்கிறவர்களுக்கு வயிற்றுவலி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்து வருகிறது என்பதாலேயே ஒரு சொல்லை இங்கே ஒதுக்கும் பழக்கத்தை என்னவென்பது!

‘பங்கேற்பு’ தேவையா என்பது அடுத்த கேள்வி. பங்கை ஏற்பது என்ற கனமான சொல் அது. ‘விழாவில் பங்கேற்றார்’ என்று எழுதி எழுதி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதாக அதை இளைக்க வைத்துவிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாலும் பங்கேற்புத்தான். பகுப்பது பாதீட்டுக்குள்ளேயே இருக்கிறது. யார் பகுக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். மக்கள் பாதீடு. 1996இல் கேரளம் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தபோது ‘ஜனகீயாசூத்ரணம்’ (மக்கள் திட்டமிடல்) என்று ஒரே சொல்லாகப் பெயர் வைத்தது. வடசொல்தான், ஆனால் மக்கள் முன்னால் நிற்கிறார்கள்.

கூட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து, எங்கள் தெருவிளக்குகள் காலை பத்து மணி வரை எரிகின்றன, தானாக அணையும் கருவி பொருத்தினால் மின்கட்டணம் மிச்சமாகும், அந்தப் பணத்தில் பள்ளிக்கூட முனையில் வேகத்தடை போடலாம் என்றார். வரவையும் சேர்த்தே யோசித்துவிட்டார். என் வாதம் அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. பதிவேட்டில் அது ‘கோரிக்கை’ என்ற கட்டத்தில் ஏறியது. இன்னொரு கட்டம் ‘புகார்’. மூன்றாவது கட்டம் இல்லை. அவர் எதையும் கோரவில்லையே, அது யோசனை அல்லவா என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் ‘ஆலோசனை என்று போடட்டுமா?’ என்றார். ஆலோசனை என்பது வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் பெறுவது. ‘பரிந்துரை’யும் வேண்டாம், அது இன்னொருவருக்காகப் பரிந்து பேசுவது. யோசனை வடசொல் என்று எனக்கும் தெரியும். ஆராய்ந்து எண்ணுவதற்குக் குறளில் வரும் ‘சூழ்ச்சி’யை எடுத்துப் பதிவேட்டில் ‘மக்களின் சூழ்ச்சிகள்’ என்று தலைப்பிட்டால் மறுநாள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும். சில சொற்களை மீட்க முடியாது.

துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டவர்களுக்கு இவற்றையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. என் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.