ஊற்றிய எண்ணெய் எங்கே போகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகள் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. ஊருக்கு வந்தால் எண்ணெய் கத்திரிக்காய்தான் கேட்கிறாள். கடாயில் ஊற்றும் எண்ணெயைக் கத்திரிக்காய் மளமளவென்று குடித்துவிடுகிறது. பாவம் என்று இன்னும் ஊற்றுகிறேன். கடைசியில் பார்த்தால் அத்தனையும் மேலே மிதக்கிறது. இது என்ன கணக்கு?"

மகள் விவரமானவள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் இந்தக் கத்திரிக்காயில் எண்ணெய், எள், வேர்க்கடலை, புளி, மிளகாய் என்று எல்லாமே செடி கொடியிலிருந்து வருபவை. பிரியாணியை விட்டுவிட்டுச் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தால் வேறெதுவும் வேண்டாம். (ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். எங்களைப் போன்ற பழைய வடாற்காட்டுக்காரர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.)

கணக்குக்கு வருவோம். கத்திரிக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உருளைக்கிழங்கில் தண்ணீர் அதைவிடக் குறைவு. ஆனால் இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: கிழங்கு மூழ்கும், கத்திரிக்காய் மிதக்கும். காரணம் காற்று. கத்திரிக்காய்ச் சதையில் செல்கள் நெருக்கியடித்து உட்காருவதில்லை. நடுவே நிறைய இடைவெளி, அதில் காற்று. சுருக்கமாக, அது தண்ணீர் நிரம்பிய செல்களால் கட்டிய பஞ்சு.

வெட்டிய காயை எண்ணெயில் போட்டதும் சூட்டில் அந்தக் காற்று விரிந்து வெளியேறுகிறது. காலியான சந்துகளில் எண்ணெய் ஏறுகிறது. பள்ளியில் படித்த அதே நுண்புழை ஏற்றம்தான். கடாய் வறண்டுபோவது இந்தக் கட்டத்தில். கை தானாக எண்ணெய்த் தூக்கைத் தேடுவதும் இப்போதுதான்.

தேடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இனிமேல்தான் வருகிறது. இந்த இடைவெளிகள் திறந்து நிற்பதற்குக் காரணம், சுற்றியுள்ள செல்கள் தண்ணீரால் விம்மி விறைப்பாக இருப்பது. சூடு ஏற ஏற செல்லைச் சுற்றிய சவ்வு கிழிகிறது, உள்ளே இருந்த தண்ணீர் கசிகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டினும் கரைகிறது. விறைப்பு போனதும் சுவர்கள் சரிகின்றன, சந்துகள் மூடிக்கொள்கின்றன. அங்கே குடியேறிய எண்ணெய்க்கு இனி இடமில்லை. பிழிந்த மாதிரி வெளியே வருகிறது. காய் சுருங்கிப் பளபளப்பாவதும் கடாயில் எண்ணெய் மறுபடி தென்படுவதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். வாசகி இரண்டாம் தடவை ஊற்றியது, முதல் தடவை ஊற்றியது திரும்பி வருவதற்குள் ஊற்றியது.

மேலே மிதக்கும் எண்ணெயில் இன்னொரு பங்கும் உண்டு. எள்ளிலும் வேர்க்கடலையிலும் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைத்த விழுதில் அது நுண்துளிகளாகத் தண்ணீரோடு கலந்து நிற்கும். கொதித்துத் தண்ணீர் வற்றும்போது துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே பிரிகின்றன. "எண்ணெய் பிரிஞ்சு வந்தா இறக்கிடு" என்று பெரியவர்கள் சொல்வது, தண்ணீர் தேவையான அளவு போய்விட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

அப்புறம் புளி. அமிலம் இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. காய் வேகுமுன் புளிக்கரைசலை ஊற்றினால், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும். முதலில் காயை முழுக்க வதக்கி, பிறகு புளி ஊற்றினால் வெந்த காய் மேலும் குழையாமல் உருவம் பிடித்து நிற்கும்.

எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ராமநாதபுரம் முண்டு மிளகாயோடு சேர்ந்து. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் காய் ஏன் இப்படி வதங்குகிறது, அதன் செல் அமைப்பு மற்ற ரகங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஆராய ஓர் இளம் ஆய்வாளர் நிதி கேட்டால், குழுவில் யாராவது சிரிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சமையலறை வேதியியல் நம் ஊரில் இன்னும் ஆராய்ச்சியாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதில் "கத்திரிக்காய் தின்றால் புண் ஆறாது" என்பதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுகிறோம். சிலருக்குக் கத்திரிக்காய் ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு, அவர்கள் தவிர்க்கட்டும். அதற்காக வீடு முழுவதையும் பத்தியத்தில் போட வேண்டியதில்லை.

எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால், பஞ்சைக் கடாய்க்கு வருமுன்பே சரியவைத்துவிடுங்கள். வெட்டிய துண்டுகளில் உப்பைப் பிசறி அரை மணி நேரம் வைத்தால் சவ்வூடு பரவலில் தண்ணீர் வெளியேறிச் செல்கள் துவளும். லேசாகப் பிழிந்துவிட்டு, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொறுமையில்லாதவர்கள் இட்லிப் பானையில் சில நிமிடம் ஆவி காட்டினாலும் போதும். மகள் கேக் சுட வாங்கிவைத்த ஓவன் (மின் அடுப்பு) வீட்டில் இருந்தால், துண்டுகள் மேல் எண்ணெய் தடவி 200 டிகிரியில் பழுப்பேறும்வரை சுட்டு, கொதிக்கும் எள் வேர்க்கடலைக் குழம்பில் போடலாம். ருசி கொஞ்சம் மாறும், சுட்ட மணம் வேறு சேரும். எனக்குக் கடாய்தான்.