அசதியான பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அலைய விடணுமா?

"பொழுதுக்கும் அசதியாவே இருக்குதுங்க" என்கிற பெரியவரை வாராவாரம் பயிற்சிக்கு ஈரோட்டுக்கு வரச் சொல்வதில் அர்த்தமே இல்லை. நம் பக்கம் நிறையப் பேருக்கு வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. இட்டேரியில் நடந்து, பஸ்ஸுக்கு நின்று, வந்து சேர்வதற்குள் அன்றைய தெம்பு காலி. அதற்கப்புறம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்குபவர்) நான் உட்கார்ந்து தெம்பை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பாடம் எடுக்கணும்! அதனால்தான் டேப்லெட்டில் (டேப்) வீடியோ கால் மூலம் குழுவாகச் சந்திக்கிறோம்.

ஆனால் முதலில் டாக்டர். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை (ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே), தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, இதயக் கோளாறு, மனச்சோர்வு, சில பிரஷர் மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடவே கூடாது.

தெம்பை மிச்சம் பிடிக்கும் இந்தப் பயிற்சி புதுசு இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் டான்யா பாக்கர் குழுவினர் 1995-இல் வெளியிட்ட 6 வாரப் பாடம் உலகம் முழுக்கப் பரவியது. ஓய்வைக் களைத்த பிறகு எடுக்காமல் களைப்பதற்கு முன்பே எடுப்பது, வேலையைப் பிரித்துக்கொள்வது, உட்கார்ந்து செய்ய முடிந்ததை உட்கார்ந்து செய்வது, சிலதை அடுத்தவரிடம் விடுவது, இவ்வளவுதான் சாரம். கேட்க எளிது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதில் சிக்கிக்கொள்வது ஓய்வுதான். விடியுமுன் எழுந்து பால் கறந்து, கட்டுத்தரை கூட்டிப் பழகிய அம்மாவுக்குப் பட்டப்பகலில் கட்டிலில் சாய்வது கூச்சம், "பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" நான் எத்தனை தடவை சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அதையே திரையில் இன்னொரு அம்மா, "நானெல்லாம் பத்து மணிக்கே படுத்துக்கறேனுங்க அக்கா, சாயங்காலம் கறவைக்குத் தெம்பு வேணுமில்ல" என்று சொன்னால் அன்றைக்கே காதில் ஏறும். தனித்தனியாக போன் பண்ணாமல் குழுவாக வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

டேப் 10 அங்குலமாவது இருக்கட்டும், ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கையில் பிடிப்பதே ஒரு அசதி. முகப்பில் ஒரே ஒரு பட்டன் போதும். ஆறேழு பேர், முக்கால் மணி நேரம், நடுவே இடைவேளை. காலைக் கறவைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் ஒத்துவருகிறது. உள்ளே சிக்னல் இல்லாவிட்டால் திண்ணைக்கு வந்துவிடலாம். ஆரம்பித்து வைக்க மகனோ மருமகளோ வேண்டும், அப்புறம் நகர்ந்துவிடணும், இல்லாவிட்டால் எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்!

அடுப்பு மேடை உயரமும், தரையிலிருந்து எழுகிற விதமும் திரையில் சரியாகத் தெரியாது, அதற்கு ஒரு தடவையாவது நேரில் போகத்தான் வேண்டும். காது ரொம்ப மந்தமானவர்களையும் ஞாபகமறதி கூடியவர்களையும் குழுவில் சேர்ப்பதில்லை, அவர்களை வீட்டிலேயே தனியாகப் பார்க்கிறோம்.