கூடை விழுந்தால் எந்த மரம்?

சின்னப் பிள்ளைகளோடு தாயமோ லூடோவோ ஆடியவர்களுக்குத் தெரியும், காய் வெட்டுப்பட்ட நொடியில் ஆட்டம் போய் அழுகை வந்துவிடும். நான்கு வயதில் அதை விதி என்று ஏற்றுக்கொள்வது கடினம். அக்கா வேண்டுமென்றே தன்னைச் சீண்டியதாகத்தான் பிள்ளைக்குத் தோன்றுகிறது. அழவிடக் கூடாதே என்று நாம் தெரிந்தே தோற்றுக்கொடுக்கிறோம். அதையும் அவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆடுகிற எல்லோரும் ஒரே கட்சியாக இருக்கும் ஆட்டங்களும் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோரும் சேர்ந்துதான். கனடாவின் ஒன்டாரியோவில் ஜிம் டீக்கோவ் என்பவர் 1970களிலிருந்தே இப்படிப்பட்ட ஆட்டங்களை மட்டும் உருவாக்கி விற்று வந்தார். ஜெர்மனியில் ஹாபா நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'ஓப்ஸ்ட்கார்டன்' இந்த வகையில் மிகப் பிரபலமானது. அன்னலீசே ஃபர்காஷோவ்ஸ்கி வடிவமைத்த பழத்தோட்ட விளையாட்டு அது. மூன்று வயதிலேயே ஆடலாம். ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு பெரியவர்களும் உட்கார்ந்து யோசிக்கத் தக்கது.

பலகையில் நான்கு மரங்கள்: ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி. மரத்துக்குப் பத்துப் பழம், மொத்தம் நாற்பது. நடுவில் ஓர் அண்டங்காக்கையின் படம், ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். பகடையின் ஆறு முகங்களில் நான்கு, மரங்களுக்கான நிறங்கள். அந்த நிறம் விழுந்தால் அந்த மரத்திலிருந்து ஒரு பழம் பறிக்கலாம். ஐந்தாவது முகம் கூடை. அது விழுந்தால் விருப்பப்பட்ட இரண்டு பழங்கள். ஆறாவது முகம் காக்கை. அது விழுந்தால் படத்தில் ஒரு துண்டு சேரும். படம் முழுமையாவதற்குள் நாற்பது பழத்தையும் பறித்துவிட வேண்டும்.

ஆக, எதிரி இந்தப் பகடைதான். காக்கை ஆறில் ஒரு தடவை விழும் என்பதால், ஒன்பது துண்டும் சேரச் சராசரியாக 54 உருட்டல் ஆகும். நம் பக்கம், ஆறு உருட்டலுக்கு நிறங்களில் நான்கு பழம், கூடையில் இரண்டு பழம். அதாவது உருட்டலுக்கு ஒரு பழம் வீதம், 40 உருட்டலில் தோட்டம் காலியாகிவிட வேண்டும். 40க்கு 54, சுலபமாக ஜெயித்துவிடலாம் போலிருக்கிறதே?

அப்படி நடப்பதில்லை. உருட்டலுக்கு ஒரு பழம் என்ற வேகம் நான்கு மரத்திலும் பழம் இருக்கும்வரைதான். பிளம் மரம் காலியான பிறகு பிளம் நிறம் விழுந்தால் அந்த உருட்டல் வீண். இரண்டு மரம் மட்டும் மிஞ்சினால் வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. கடைசி மரத்துக்கு வந்துவிட்டால் அதன் நிறமும் கூடையும் மட்டுமே உதவும், வேகம் பாதி. காக்கையோ மாறாமல் அதே ஆறில் ஒன்றில் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் கடைசி நிமிடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்ப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதில் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே முடிவு, கூடை விழும்போது எந்த மரத்தில் பறிப்பது என்பது. எப்போதும் பழம் அதிகமுள்ள மரத்தில் பறித்தால் நான்கு மரமும் ஏறக்குறைய ஒன்றாகக் குறையும், வீண் உருட்டல்களும் குறையும். அப்படி ஆடினால் வெல்லும் வாய்ப்பு சுமார் 68 சதவீதம். குறைவாக உள்ள மரத்தையே பறித்துக்கொண்டிருந்தால் சுமார் 53 சதவீதம். வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எவ்வளவு மோசமாக முடிவெடுத்தாலும் பாதி ஆட்டத்துக்கு மேல் ஜெயிக்கலாம். நன்றாக யோசித்தாலும் மூன்றில் ஓர் ஆட்டம் கைநழுவும். யோசித்ததற்குப் பலன் உண்டு, தப்பாக எடுத்ததற்குத் தண்டனை பெரிதில்லை. மூன்று வயதுக்கு இதைவிடப் பொருத்தமான விகிதம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் எதைச் செய்யும்? ஒரு மரத்தைச் சுத்தமாகக் காலி செய்யத்தான் ஆசைப்படும். ஒரு வேலை முடிந்தது என்ற திருப்தி அதில் இருக்கிறது. அந்த இடத்தில் நமக்குக் கை துறுதுறுக்கும். "அது வேண்டாம்டா, செர்ரியை எடு" என்று சொல்லிவிட்டால் ஆட்டத்தில் இருந்த ஒரே முடிவும் நம் கைக்கு வந்துவிடும். பிள்ளை பகடை உருட்டும் ஆளாக மட்டும் மிஞ்சும். ஒரே கட்சியாக ஆடும் எல்லா ஆட்டங்களிலும், பெரியவர்கள் ஆடுவதிலும்கூட, இதுதான் பெரிய சிக்கல்: விவரம் தெரிந்த ஒருவர் எல்லோருக்குமாக ஆடிவிடுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேள்வியாகக் கேட்கலாம்: "எந்த மரத்துல நிறைய இருக்கு?" அல்லது நம் முறை வரும்போது வாய்விட்டு யோசிக்கலாம்: "செர்ரி இன்னும் ஏழு இருக்கே, அம்மா அதுலேர்ந்து ரெண்டு எடுக்குறேன்." அப்புறம் பேசாமல் இருந்துவிட வேண்டும். சில ஆட்டங்கள் கழித்துப் பிள்ளையே மரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும்.

சேர்ந்து உழைப்பது பிள்ளைகளிடம் என்ன செய்கிறது என்பதற்கு 2011இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். காத்தரீனா ஹாமன், மைக்கேல் டொமசெல்லோ முதலியோர் செய்தது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கயிறுகளை இழுத்தால் பரிசுப் பொருள்கள் நகர்ந்து வரும். ஆனால் ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று என்று சேரும். சேர்ந்து இழுத்துக் கிடைத்தபோது, அதிகம் பெற்ற மூன்று வயதுப் பிள்ளைகள் ஒன்றைக் கொடுத்துச் சமமாக்கிக்கொள்வது அதிகமாக இருந்தது. அதே பொருள்கள் சும்மா கிடைத்தபோதும், தனித்தனியாக உழைத்துக் கிடைத்தபோதும் அந்த அளவுக்குப் பகிரவில்லை. சிம்பன்சிகளிடம் இந்த வித்தியாசமே தென்படவில்லை.

விளையாட்டையே நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நான்கைந்து வயதுப் பிள்ளைகள் ஒரே கட்சி ஆட்டங்கள் ஆடிய நாட்களில் அடிதடி குறைந்தது, போட்டி ஆட்டங்கள் ஆடிய நாட்களில் கூடியது. ஆட்டம் முடிந்து இஷ்டத்துக்கு விளையாடிய நேரத்திலும் அது தெரிந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக்கொண்டு போட்டி விளையாட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். தோற்கப் பழகுவதும் வேண்டும். ஆனால் முதலில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு காக்கையிடம் தோற்றுப் பழகுவது எளிது. கோபம் காக்கைமீது போகும், தங்கைமீது போகாது.

பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நான்கு நிறங்களில் பத்துப் பத்து மணியோ பட்டனோ, சாதாரணப் பகடை ஒன்று, ஒன்பதாக வெட்டிய காக்கைப் படம் போதும். ஒன்று முதல் நான்கு வரை மரங்கள், ஐந்து கூடை, ஆறு காக்கை. ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு நாற்பது பழம் நீளம். மரத்துக்கு ஐந்து பழம் வையுங்கள், காக்கையை ஐந்து துண்டாக்குங்கள். ஐந்தாறு வயதாகி ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டால் கூடைக்கு ஒரு பழம் என்று மாற்றிப் பாருங்கள். உருட்டலுக்கு ஒரு பழம் என்ற வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும், நாற்பது பழத்துக்கு வீண் உருட்டல் இல்லாமலே 48 ஆகும். காக்கையின் 54 திடீரென்று மிக அருகில் வந்துவிடும்.