டிக்கட் நேரமும் ஹட்டன் நேரமும்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் ஃபோனில் உடனே வந்துவிடும். கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – திருச்சி: சுமார் 420 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மலையகத்து ஹட்டனில் டிக்கட் போடும் என்னிடம் அதைக் காட்டி, "ஒரு மணித்தியாலம்தானே அண்ணே, விடிஞ்சு கிளம்பினா பத்து மணி பிளைட்டப் பிடிச்சிடலாம்ல?" என்று கேட்பவர்கள் நிறைய.

அந்த 420 நேர்கோட்டுத் தூரம். பெரும்பாலான தளங்கள் அதை ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்சம் கூட்டிச் சொல்கின்றன. எந்த விமானம் ஓடுகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி – சென்னை சுமார் 355 கிலோமீட்டர். கட்டுநாயக்க – சென்னை சுமார் 645. பாதித் தூரம், பாதி நேரம் என்றுதானே தோன்றும்? பலாலிக்கு வருவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். கட்டுநாயக்கவில் ஏறும் ஜெட் 800ஐத் தாண்டும். அதனால் இரண்டு டிக்கட்டிலும் நேரம் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதிலும் டிக்கட் நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா போன சொந்தங்கள் திருச்சி, மதுரைப் பக்கம் இருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். 2025இல் பலாலி – திருச்சி விமானம் தொடங்கியதும், "அது 185 கிலோமீட்டர்தானாமே" என்று பலர் விசாரித்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஹட்டனிலிருந்து பலாலிக்குத் தரைவழி கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், ஒரு இரவு முழுக்க பஸ்ஸில். நமக்குக் கட்டுநாயக்கதான் கிட்ட.

அதுவும் எவ்வளவு கிட்ட? கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று வேனில் இறங்கினால் நாலு, ஐந்து மணித்தியாலம். கவுண்டரைப் பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடுவார்கள். மூன்று மணித்தியாலம் முன்னால் போய் நிற்பது நல்லது. அப்போ பத்து மணி விமானத்துக்கு வேன் இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறொரு குழப்பம். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை ஆறுக்கு ஏறி இரவு ஒன்பதுக்கு துபாயில் இறங்குவதாக இருந்தால், மூன்று மணித்தியாலப் பயணம் என்று அர்த்தமில்லை. துபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், பறப்பது நாலரை. இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 2006இலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவால் மலையகப் பாதைகள் எத்தனையோ இடங்களில் துண்டாகிப் போயின. மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் முதல் நாளே இறங்கி, நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். தவறவிட்ட டிக்கட்டோடு பார்த்தால் வாடகை மலிவு. அதற்கும் வழியில்லாமல் பாதை மூடிவிட்டதா? விமானம் புறப்படும் முன்பே டிக்கட் போட்டவரையோ விமான நிறுவனத்தையோ அழைத்துத் தேதியை மாற்றச் சொல்லுங்கள். புறப்பட்ட பிறகு அழைத்தால் 'நோ ஷோ' கணக்கில் போட்டுவிடுவார்கள். மலிவு டிக்கட்டுக்குப் பெரும்பாலும் வரிப்பணத்தைத் தவிர வேறெதுவும் திரும்பி வராது.