போர் தண்ணீரில் நியான் ஏன் சாகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். நியான் டெட்ரா பத்து, மோலி நாலு, ஏஞ்சல் ஒன்று, ஃபைட்டர் ஒன்று. எல்லாம் ஒன்றாக இருந்துகொள்ளும் என்று கடையில் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் நியான் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துப்போனது. மோலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏஞ்சல் வேலையா, கண் திருஷ்டியா?"

ஏஞ்சல் மேல் சந்தேகப்பட்டது நியாயம்தான். வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு இரை. வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் சரியான அளவு. மற்ற பொருத்தங்களையும் சட்டென்று சொல்லிவிடலாம். ஃபைட்டர் ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடக்கூடாது. டைகர் பார்ப் நீளமான துடுப்பைக் கண்டால் கடித்துக் கிழிக்கும். நியான் ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். ஆனால் செத்த மீன்கள் முழு உடலோடு கிடந்தன என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ஏஞ்சலை விட்டுவிடலாம். எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். போர் தண்ணீர் என்றார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் பேதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீரில் துவரம்பருப்பு குழைய வேகும். போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சிறுவாணியில் வருவது மலைக்காட்டில் பெய்து கெட்டிப் பாறைமேல் ஓடிவரும் மழை. எதையும் கரைத்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. சமவெளியில் மழை குறைவு, ஆவியாவது அதிகம், மண்ணில் சுக்கான் கல். அதற்குள் ஊறி இறங்கிய தண்ணீரைத்தான் போர் போட்டு எடுக்கிறோம். குழாய் வாயில் படிகிற வெள்ளைப் பொறுக்கு அந்தக் கால்சியம்தான்.

சரி, இது மீனை என்ன செய்யும்? உப்பு மிஞ்சிப் போய்ச் சாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 1500 காட்டுகிற தண்ணீர்கூட மீனின் ரத்தத்தைவிட மிகவும் நீர்த்தது. நன்னீர் மீனின் ரத்தத்தில் கடல் நீரின் உப்பில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவலின்படி, தண்ணீர் இடைவிடாமல் மீனுக்குள் புகுகிறது. உப்பு வெளியே கசிகிறது. புகுந்த தண்ணீரைச் சிறுநீரகம் கொட்டித் தீர்க்கிறது. கசிந்த உப்பை எங்கே போய் வாங்குவது?

செவுளில்தான். அதன் மெல்லிய தோலில் அயனோசைட் என்ற செல்கள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. இப்படிப்பட்ட செல்களை 1932-ல் கீஸ், வில்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலாங்கின் செவுளில் விவரித்தார்கள். அங்கே அவற்றுக்குக் கடலின் உப்பை வெளியேற்றுகிற வேலை. நன்னீரில் வேலை தலைகீழ். மிக நீர்த்த தண்ணீரிலிருந்தும் மீன் உப்பை இழுத்துக்கொள்கிறது என்பதை டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக் 1930-களில் காட்டினார். எப்படி இழுக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத சங்கதி. மூச்சில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து, ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. இரண்டுமே கழிவு. மீன் ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி ஒரு சோடியத்தை வாங்குகிறது. ஒரு பைகார்பனேட்டைக் கொடுத்து ஒரு குளோரைடை வாங்குகிறது. குப்பையைக் கொடுத்து உப்பு வாங்குகிற பண்டமாற்று, அந்தியூர்ச் சந்தையில்கூட நடக்காத வியாபாரம்!

இதோடு முடியவில்லை. வெளியே தள்ளிய ஹைட்ரஜன் அயனிகளால் செவுளை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலம் லேசாக அமிலமாகிறது. ரத்தத்திலிருந்து அம்மோனியா வெளியேறும்போது அந்த அமிலம் அதைப் பிடித்து அம்மோனியம் அயனியாக மாற்றிவிடுகிறது. அயனியான பிறகு அது எளிதில் உள்ளே திரும்ப முடியாது. அதனால் அம்மோனியா தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்.

போர் தண்ணீரில் கெடுவது இதுதான். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8-ஐத் தொடுகிற, பைகார்பனேட் நிறைந்த தண்ணீர் அந்த அமிலப் படலத்தை உடனுக்குடன் அழித்துவிடும். அம்மோனியா வெளியேறத் தடுமாறி ரத்தத்திலேயே தேங்குகிறது. போதாததற்கு, புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இன்னும் பெருகியிருக்காது. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. அமேசானின் அமிலமான, உப்பே இல்லாத ஓடைகளுக்கென்று அமைந்த நியானுக்கு இது இரட்டை அடி. பிஎச் 4-க்குக் கீழே போனாலும் நியான் செவுள் சோடியம் இழுப்பதை நிறுத்துவதில்லை என்று 1999-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தத் திறமையால் இங்கே பயனில்லை.

மோலிக்குக் கதை வேறு. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன். கழிமுகத்து உவர்நீரிலும் வாழும், மெல்லப் பழக்கினால் கடல் நீரிலும் வாழும். அதன் சிக்கல் எதிர்ப்பக்கம். செவுள் செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளைக் கால்சியம் இறுக்கி வைத்திருக்கிறது. கால்சியமே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மோலியைப் போட்டால் உப்பு வேகமாகக் கசியும். நின்ற இடத்திலேயே உடம்பை இடவலமாக ஆட்டிக்கொண்டிருக்கும், முன்னே நகராது. "ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம், எல்லா மீனுக்கும் நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டால் மீன் பழகிவிடும் என்பார்கள். அதில் வெப்பம்தான் சமமாகும். செவுள் புதுத் தண்ணீருக்கு மாற நாட்கள் பிடிக்கும், ஏனென்றால் அது ஹார்மோன் வேலை. 1959-ல் பிக்ஃபோர்டு, பிலிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் பிட்யூட்டரி சுரப்பி எடுக்கப்பட்ட கில்லி மீன்களை வைத்து ஆராய்ந்தார்கள். நன்னீரில் அவை செத்துப்போயின. புரோலாக்டின் கொடுத்ததும் பிழைத்தன. தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் அதே புரோலாக்டின்தான் மீனுக்கு உப்பைக் காக்கிறது!

அப்புறம், தொட்டியில் கல்லுப்புப் போடும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. புதுத் தொட்டியில் உண்டாகும் நைட்ரைட், குளோரைடு நுழைகிற அதே வழியில் செவுளுக்குள் புகுந்து ரத்தத்தைப் பழுப்பாக்குகிறது. குளோரைடு நிறைய இருந்தால் அதற்கு வழி கிடைக்காது. மோலி, கப்பி தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு கிராம் போதும்.

திருஷ்டிக்கு இதில் இடமில்லை. வாஸ்து மீன் என்று சின்னத் தொட்டியில் ஃப்ளவர்ஹார்னை அடைத்து, அது செத்ததும் வீட்டுக்கு வந்த கெடுதலை வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அடுத்ததை வாங்குகிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு பிஎச் சோதனைக் குப்பி அதைவிட மலிவு. ஆராய்ச்சிப் பணத்திலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காவிரிப் படுகையின் அழகான அருளியுஸ் பார்புக்கு 1849-லேயே ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் பெயர் வைத்துவிட்டார். தட்டுக்கு வருகிற மீனுக்குக் கிடைக்கிற கவனத்தில் கொஞ்சம் அதன் செவுளுக்கும் கிடைத்தால், உள்ளூர்த் தண்ணீருக்கு உள்ளூர் மீன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாசகருக்கு என் பதில்: போர் தண்ணீர்தான் என்றால் மோலி, கப்பி, பிளாட்டி மூன்றோடு நிறுத்துங்கள். நியான்தான் வேண்டும் என்றால் மோலியை யாருக்காவது கொடுத்துவிட்டு, மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து, ஒரு மாதம் தொட்டியை ஓடவிட்டு, அப்புறம் மீன் வாங்குங்கள். சிறுவாணி கிடைக்கிற உறவினர் இருந்தால் இன்னும் சுலபம். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றலாம். ஃபைட்டருக்குத் தனியாகப் பதினைந்து லிட்டர் தொட்டி. ஏஞ்சலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஓரடி உயரம் அதற்குப் போதாது.